பாலத்தில் வண்டி நின்றால்

ஜூன் 9, ஞாயிறு

கொழுந்தன் ஷாஜின் இன்று ஓசூருக்குப் போய்விட்டான். புது வேலை, அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இனி செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்கு வேலூர் கூட்டிப்போக யார்? பஸ்ஸில் போனால் திரும்பும்போது மயங்கி விழுகிறார். வாடகைக் கார் வாரா வாரம் கட்டுப்படியாகாது. வாசலில் எங்கள் பழைய கார் நிற்கிறது. இருபது வருஷம் கம்பெனி வேன் ஓட்டிய மனுஷருக்குச் சர்க்கரையில் பார்வை மங்கிவிட்டது. லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. சமதரையில் ஓட்டுவேன்.

ஆம்பூரில் எங்கள் பக்கத்திலிருந்து ஹைவேக்குப் போக ரயில்வே மேம்பாலம் ஏறியாக வேண்டும். காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். பாதி ஏற்றத்தில் வண்டி நிற்கும். நின்றால்?

ஜூன் 11, செவ்வாய்

நின்றது. மூன்று முறை ஆஃப் ஆனது. பின்னால் ஒரே ஹாரன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறார்: "பிரேக்க விட்டு உடனே ஆக்சிலேட்டர் மிதி! யோசிக்காத!" ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தேன். "அதப் போட்டு ஏத்துறவன்லாம் டிரைவரா?" என்று கையைத் தட்டிவிட்டார். எப்படியோ உறுமிக்கொண்டு மேலே போனது.

ஜூன் 12

ஷூ கம்பெனியில் வேலைக்குப் போய்ச் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருந்தேன். ஷூக்கள் வந்துகொண்டே இருந்தன. என் இடது கால் மேஜைக்கடியில் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 14, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

பாலத்தில் முன்னால் லாரி நின்றது. நானும் நின்றேன். பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் ஓடியது. ஐயோ, ஓடுதே, ஓடுதே என்று கத்தினேனே தவிர காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டமார். பின்னால் இருந்த காரின் முன்விளக்கு உடைந்தது. கார்க்காரர் இறங்கி வந்தார். ரஃபி அகமது என்று பெயர் சொன்னார், வாணியம்பாடிக்காரர். "இன்னாம்மா இது? வண்டியில என் குழந்தைங்க இருக்குது. கத்துக்கிட்டு ரோட்டுக்கு வாங்க" என்றார். பேசும்போதே திரும்பித் திரும்பித் தன் காரைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இவர் கண்ணாடியை இறக்கி, "மன்னிச்சிடுங்க பாய். அவளுக்கு ஓட்டத் தெரியாது" என்றார்.

தெரியாதுதான். ஆனா யாருக்காக ஓட்றேன்?

ரஃபி அகமதுவே எங்கள் காரை மேலே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் இவரை வீட்டில் விட்டுவிட்டு, மூடிக் கிடக்கும் தோல் டேனரிக்குப் பின்னால் லாரி ஏறும் சரிவுக்குக் காரை எடுத்துப் போனேன். தனியாக. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு முதல் கியர். கிளட்சை மெல்ல, மெல்ல விட்டேன். ஓர் இடத்தில் சத்தம் தணிந்து வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குகிறது. அங்கே காலை அசைக்காமல் வைத்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். சில தடவை ஏறியது. பல தடவை ஆஃப் ஆனது. ஒரு தடவை சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதேன். கர்த்தாவே, இது ஒன்றையாவது கொடும் என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

வரமாட்டேன் என்கிறார்.

"ஒரு தடவ போலன்னா செத்துடமாட்டேன் பெர்சி. உன்ன அந்தப் பாலத்துல பாக்க முடியல."

எவ்வளவோ கெஞ்சினேன். கதவைச் சாத்திக்கொண்டார். என்னால்தானே? என்னாலதான்.

ஜூன் 19

கால் வீங்கியிருக்கிறது. தண்ணீரைக் கம்மியாகக் குடிக்கச் சொன்னால் கோபம். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுத்திருக்கிறார்.

ஜூன் 21, வெள்ளி

நேற்று காலை மூச்சு வாங்க ஆரம்பித்தது. உட்கார்ந்தாலும் வாங்கியது. உதடு நீலம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் வண்டி இல்லை, நேரமாகும் என்றார்கள். காரில் ஏற்றினேன்.

பாலம். கம்பெனி பஸ்கள். சரியாகப் பாதி ஏற்றத்தில் நின்றோம். ஹேண்ட்பிரேக்கை இழுக்க முயன்றேன். வியர்வையில் கை வழுக்கியது. அப்போது இவர் கை வந்தது. பேச மூச்சு இல்லை. ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

முன்னால் பஸ் நகர்ந்தது. கிளட்சை விட்டேன். மூக்குத் தூக்கியது. "விடுங்க" என்றேன்.

விட்டார். ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை.

இன்னும் இரண்டு இடத்தில் நின்றோம். இரண்டு தடவையும் நான் "விடுங்க" என்றேன், அவர் விட்டார்.

வேலூரில் ஆஸ்பத்திரி வாசலிலேயே இவரை வாங்கிக்கொண்டார்கள். "டிரைவர வண்டிய ஓரமா எடுக்கச் சொல்லுங்க" என்றார் ஒரு நர்ஸ். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் இருந்து இவர் விரலை நீட்டி என்னைக் காட்டினார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிழைத்துவிட்டார். டாக்டர் என்னைத்தான் திட்டினார். திட்டட்டும்.

ஜூன் 25, செவ்வாய்

போனோம். வந்தோம். பாலத்தில் ஒரு தடவை ஆஃப் ஆனது. இவர் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்!

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில் மழை. பாலத்தில் நல்ல நெரிசல். பள்ளிகொண்டா தாண்டும்போது இவர் கண் விழித்தார்.

"இன்னும் பாலம் வரலையா?"

"எப்பவோ தாண்டியாச்சு. தூங்குங்க."

மறுபடியும் தூங்கிவிட்டார்.