இறந்தவர்கள் பரிசு கொண்டு வரும் ஊர்

அன்புள்ள அக்கா,

இன்று மதியம் மிதுரா போனில் ஒன்று கேட்டாள். உங்கள் பலெர்மோவில், கல்லறைத் திருநாளுக்கு முந்தைய இரவில், இறந்துபோன சொந்தக்காரர்கள் வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வைத்துவிட்டுப் போவார்களாமே. "சித்தி, அம்மப்பா எனக்கு என்ன கொண்டு வருவார்?" என்றாள். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

யுத்தத்தில் காணாமற்போன அப்பாவுக்குத் திவசம் செய்வோமா என்று நீயே எத்தனை முறை கேட்டிருப்பாய். அம்மாவின் பதில் ஒன்றுதான்: "இருக்கிற மனுசனுக்கு என்ன திவசம்? விசர்க்கதை கதையாதை."

பிறகு வெகுநேரம் ஜன்னலில், இங்கே லா ஷப்பேலில் பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இறந்தவர்கள் கடலிலிருந்து ஏறி உங்கள் தெருக்களில் நடந்து வருவது போலிருந்தது. ஈரக் கால்கள், கை நிறையப் பொம்மைகள், பழங்களைப் போலவே செய்த இனிப்புகள். அந்தக் கூட்டத்தில் அப்பாவை நான் தேடவில்லை. தேடினால் கண்டுவிடுவேனோ என்று பயமாயிருந்தது.

மாலையில் அம்மா குடையோடு தனியாக வெளியே போய், ரூ பிலிப்-து-ஜிரார் தெருக் கடையொன்றில் கரடிப் பொம்மை வாங்கி வந்தார்.

"அக்காவுக்கு அனுப்பிவிடு. அம்மப்பா தந்ததெண்டு பிள்ளைக்குச் சொல்லச் சொல்லு," என்றார்.

உன் தங்கை