டயட் டீயும் நீலச் சட்டையும்

அன்பு மகள் நூல்கண்டுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு தையல் மிஷினும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். போனை விட்டுவிட்டு இவர் ஏன் பேனாவைப் பிடித்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள், இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. அவள் கடையின் முன்பக்கம் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா போடுகிறாள், நான் துணி வெட்டும் மேஜையில் காகிதத்தை ஒரு பேன்ட் துணிக்கு அடியில் மறைத்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கலர் சோடாவை விட்டுவிட்டு தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். மறுநாளே வீட்டில் ஒரு பெட்டி டயட் டீ, சர்க்கரைக்குப் பதில் வேறு இனிப்பு போட்டு பாட்டிலில் அடைத்தது, வந்து இறங்கியது. பாட்டில் மேல் இடுப்பே இல்லாத ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். உன் அம்மா எனக்கும் ஒரு மடக்கு கொடுத்தாள், டீத்தூளை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் உள்ளே அழைத்தது போல இருந்தது, இனிப்பு மட்டும் நாக்கை விட்டுப் போவேனா என்றது. ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும், சோடா நின்றது, நடக்கவும் நடந்தாள். உடம்புதான் இளைக்கவில்லை. தினமும் கண்ணாடி முன்னால் நின்று, கொஞ்சமாவது எளைச்சிருக்கேனா, உண்மையச் சொல்லுங்க என்பாள். உண்மையைச் சொல்லிவிட்டு இந்த வீட்டில் குடியிருக்க முடியுமா? ஒருநாள், போதும் போங்க, நான் பழையபடி சோடாவே குடிக்கிறேன் என்று சலித்துக்கொண்டாள். அவள் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய நீலச் சட்டையை எடுத்தேன், இரண்டு பக்கத் தையலையும் பிரித்து உள்ளே மடிந்திருந்த துணியில் ஒரு விரல் அகலம் வெளியே விட்டுத் தைத்து, இஸ்திரி போட்டு, நல்ல பிள்ளையாக அலமாரியில் வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் சட்டை தொளதொளவென்று இருந்ததும் உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீ வேலை செய்யுதுங்க என்று தெரு முழுக்கத் தண்டோரா போடாத குறை. இரண்டே வாரத்தில் தினம் ஒரு பாட்டில் மூன்றானது, டீ பாத்துக்கும் என்று நடை நின்றது, டீ பாத்துக்கும் என்று பிஸ்கட் பாக்கெட்டும் காலியாகத் தொடங்கியது. ராத்திரி தூக்கம் வராமல் அலமாரியை அடுக்கினாள், பல் கூசுகிறது என்றாள், நான் ஒன்றும் தெரியாதவன் போலத் தலையாட்டினேன். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. டாக்டரம்மா தன் வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தபோது அந்த டீயைப் பற்றித் தனியாகக் கேட்டேன். சக்கர போட்ட சோடாவுக்கு இது எவ்வளவோ தேவலை, அதுக்காக மருந்துன்னு நினைக்காதீங்க, வீட்டுல போடுற டீயில இருக்குற நல்லதுகூட இதுல அவ்வளவா இருக்காது, இதுல இருக்குற புளிப்பு பல்லுக்கு ஆகாது, சாயங்காலத்துக்கு மேல குடிச்சா தூக்கம் போயிடும், எல்லாத்துக்கும் மேல டயட்டுன்னு எழுதியிருக்குற தைரியத்துல கூட நாலு பிஸ்கட் உள்ள போகுதே, அதுதான் வம்பு என்றார். விளையாட்டாகச் செய்தது அவள் உடம்பில் போய் முடிந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்துவிட்டேன் மகளே.

குட்டை உடைக்கத் தைரியம் இருந்ததா என்றால் இல்லை. மறுபடியும் நீலச் சட்டையை எடுத்து, விட்டதைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் இறுக்கமாகவே தைத்து வைத்தேன். போட்டுப் பார்த்தவள் கழற்றி மடித்து அலமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து டீ ஒரு பாட்டிலுக்கு இறங்கியது, அதுவும் மத்தியானத்தோடு சரி. பிஸ்கட் டப்பா பரண் மேல் ஏறியது, செருப்பு மறுபடி காலில் ஏறியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்திலோ என்னவோ என் பேன்ட்டுகள் இடுப்பைப் பிடிக்க ஆரம்பித்தன. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவன் தன் அளவைக் கவனிக்கவில்லையே என்று வெட்கப்பட்டு, டீயில் போடும் மூன்று கரண்டிச் சர்க்கரையை ஒன்றாக்கி, நானும் அவளோடு நடக்கக் கிளம்பினேன். வாங்க வாங்க என்று மட்டும் சொன்னாள்.

நேற்று குனிந்தபோது பேன்ட் பட்டன் தெறித்துவிட்டது. தைக்கலாம் என்று இடுப்புப் பட்டியைத் திருப்பினால் உள்ளே இடுப்பளவைக் குறைத்துப் பிடித்த ஒரு வரிசைக் கைத்தையல், பொடிப்பொடியாக, முடிவில் இரட்டை முடிச்சு. அந்த முடிச்சு போடுகிறவர் இந்தக் கடையில் ஒருவர்தான். ஓடிப்போய் நீலச் சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நான் இறுக்கிப் பிடித்த தையலுக்கும் உள்ளே, இன்னொரு விரல் அகலம், அதே கைத்தையல், அதே முடிச்சு. நிஜமாகவே இளைத்திருக்கிறாள், என்னிடம் மூச்சு விடாமல் தானே பிடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் அவள் காதில் பூ சுற்றியதாக நினைத்திருந்த நாளெல்லாம் அவள் என் இடுப்பைச் சுற்றியிருக்கிறாள். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன், கண்ணும் கலங்கியது, இரண்டும் உண்மை. பேன்ட்டைப் பிரிக்கக் கத்திரியை எடுத்தவன் கீழே வைத்துவிட்டேன். பட்டனை மட்டும் அதே இடத்தில் தைத்துக்கொண்டேன்.

சர்க்கரை பழைய எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது, கவலைப்படாதே. நீயும் அங்கே ஆபீஸ் மிஷினில் அந்த டயட் டீ பாட்டிலைத் தட்டித் தட்டி எடுக்காமல் தண்ணீர் குடி, ராத்திரி நேரத்தோடு தூங்கு. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. இன்னொன்று, லீவுக்கு வரும்போது உங்கள் பெட்டிக்கு நல்ல பூட்டாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், இந்த வீட்டில் தையல் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

இப்படிக்கு,
இடுப்பு இறுகிய நிலையில்,
உன் அப்பா