துவக்குப் பிடியில் மீன் வாடை

அன்புள்ள லவீனாவுக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை.

ஒரு பகிடி. போன கிழமை ஒரு துவக்குக்குச் சாயம் பூசினேன். "துவக்கோ? உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தாதேயும். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் மான் வேட்டைக்குப் போகிறவர். சுடுகிற இரும்புக் குழலைக் கழற்றிப் பூட்டிவைத்துவிட்டு, வெளிறிய மரப்பிடியை மட்டும் தந்தார். பழைய வார்னிசைச் சுரண்டி, குசினி மேசையில் வைத்துச் சிவப்புச் சாயம் பூசினேன். காய்ந்ததும் எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருந்தார். எங்கள் வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசிப் பழகிய கை, நான் மருந்துக்கு வாங்கிய மீனெண்ணெயை எடுத்துவிட்டது!

மனுசன் மணந்து பார்த்துச் சிரித்தார். இந்த வாடைக்கு மான் நோர்வேயை விட்டே ஓடிவிடுமென்று சொல்லி, துடைத்துத் தரச் சொன்னார்.

மூன்று நாளாகிறது. பிடி என் தலைமாட்டில்தான் கிடக்கிறது. நாளை வேட்டையாம், இன்று துடைக்கத்தான் வேண்டும்.

லீவு முடிந்து இங்கே திரும்பும் றஞ்சித் அண்ணையிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். நான் கடலுக்குக் கட்டிப்போகும், வள்ளத்தில் கிடக்கும் பழைய சாரத்தையும் கொடும்.

வேலைக்குப் போகும் பஸ் வருகிறது.

உமது
கனிசியஸ்

சாரத்தைத் தோய்க்க வேண்டாம்.