கடலூர்க்காரனுக்கு ஒரு டியூப்

அன்புள்ள ரேகாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு மாத்திரை தீருமுன் வாங்கிவிடு. போனில் பேசினால் விசைப்படகில் இருக்கும் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

கொச்சிக்கு இந்தப் படகின் இன்ஜின் டிரைவராக வந்ததிலிருந்து ஒரே தலைவலி. என் ஆதாரில் கடலூர் மாவட்டம் என்று இருக்கிறதாம், அதனால் நான் கடலிலேயே பிறந்தவனாம்! நம் வடலூரில் கடல் எங்கே இருக்கிறது?

போன வாரம் ஆபத்துக்கு உதவ ஒரு சின்னப் படகு வாங்கினார்கள். எதை வாங்கலாம் என்று என்னிடமே கேட்டார்கள். நான் ஏறிய ஒரே சின்னப் படகு, கல்யாணமான புதிதில் பிச்சாவரத்தில் உன்னோடு ஏறியதுதான். அதிலும் உன் புடவையை விடவே இல்லை.

"ஆறு பேரு இருக்கோம், ஆறு பேரும் ஏறுற மாதிரி வாங்குங்க" என்றேன். அவ்வளவு பெரியதை வைத்தால் வலை இழுக்க இடமில்லையாம். நாலு பேர் படகை வாங்கி, கேபின் மேலே கவிழ்த்துக் கட்டிவிட்டார் முதலாளி.

"மிச்சம் ரெண்டு பேரு?"

"நீ கடலூர்க்காரனல்லே? நீந்திக்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். நீச்சல் தெரியாதென்று சொன்னால் வேலை போய்விடும்.

நீ கவலைப்படாதே. பூண்டு ஊறுகாய் அனுப்பு. கூடவே, பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகிய டிராக்டர் டியூபைக் காற்றிறக்கி, மடித்து, போர்வைக்குள் சுற்றி அனுப்பு. கிளம்பச் சொல்லிக் கத்துகிறார்கள். பார்சல் மேல் 'தலையணை' என்று எழுது.

உன்
கதிர்வேல்