கை தட்டிவிட்டு வருகிறேன்

லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே கும்மிருட்டு. பெருங்களத்தூரில் நம் மகள் வாங்கியிருக்கும் இந்த அடுக்குமாடி வீட்டில் வராந்தா விளக்குக்கு சுவிட்சே கிடையாது. ஆள் நடமாடினால் தானாக எரியும், இல்லாவிட்டால் அணைந்து கிடக்கும். காலை வெளியே வைத்தால் எரிந்துவிடும் என்று தெரிந்தும் எனக்குக் கால் வருவதில்லை. சேலையூர் வீட்டுச் சந்து ஞாபகம் வந்துவிடுகிறது. கூடவே நீங்களும்.

தொண்ணூறுகளில் ஏரிப் பக்கம் மனை வாங்கி நாம் வீடு கட்டியபோது சுற்றிலும் முள்காடு. மழை பெய்தால் போதும், பாம்பு வீடு தேடி வரும். சமையலறைக் கதவைத் திறந்தால் துவைக்கிற கல்லுக்குப் போகிற சந்து. கையைத் தட்டி, தரையை ஓங்கி மிதித்து, அப்புறம்தான் அதில் இறங்குவேன். உங்களுக்கு அது சிரிப்பு. "பாம்புக்குக் காதே கிடையாதுடி. யாருக்குக் கச்சேரி பண்றே?" என்பீர்கள்.

கிண்டல் செய்தாலும் என் பயத்தை உங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நாள் மவுண்ட் ரோடு பக்கம் போய் ஒரு சின்ன டப்பா வாங்கி வந்து, சந்துச் சுவரில் பல்போடு மாட்டினீர்கள். "இது சென்சார். எது அசைஞ்சாலும் லைட் எரியும். எரியலேன்னா அங்க ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்." பூனை வந்தது, எரிந்தது. பெருச்சாளி வந்தது, எரிந்தது. நானும் நம்பிவிட்டேன். மெல்ல மெல்லக் கை தட்டுகிற பழக்கம் போய்விட்டது.

அந்த ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், பால் ஊற்ற வந்தவர் வாசலில் நின்று சொன்னார். "யம்மா, பக்கத்து மனைல பூச்சி சுத்திகினு கீது. கொயந்தைய வெளில உடாதீங்க." விளக்கு வைத்த பிறகு அவர் பாம்பு என்று வாய் திறந்து சொல்லமாட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஜன்னல் வழியாகச் சந்தை எட்டிப் பார்த்தீர்கள். "லைட்டே எரியலையே. ஒண்ணும் இல்ல, போ." எனக்கும் அது போதுமாக இருந்தது.

பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் கதவு திறந்திருக்கிறது. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த நம் மகள் சந்தில் நிற்கிறாள். அவள் அசைவுக்கு விளக்கு பளிச்சென்று எரிந்திருந்தது. அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி, கல்லோரம், தலையைத் தூக்கிக்கொண்டு அது. குழந்தை சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். நான் கதவருகே அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் என்னைத் தள்ளிவிட்டு ஓடி, அவளை இடுப்போடு வாரி எடுத்து உள்ளே வந்து கதவை அடைத்தீர்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் என்னை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்து விளக்கு அணைந்தது. பாம்பு போய்விட்டது என்று நினைத்தேன். ஜன்னல் வழியாக நீங்கள் டார்ச் அடித்தீர்கள். அது சுவரோரம் ஊர்ந்துகொண்டிருந்தது, சென்சாருக்கு நேர் கீழே. விளக்கு எரியவே இல்லை.

"சென்சார் உடம்புச் சூட்டைத்தான் பார்க்கும்" என்றீர்கள். "பாம்புக்கு ஏது சூடு. எனக்குத் தோணவே இல்லையே." டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது.

மறுநாளிலிருந்து நீங்களும் தட்டினீர்கள், என்னைவிடப் பலமாக. "பாம்புக்குக் காது கிடையாதுங்க" என்று திருப்பிக் கொடுப்பேன். "எனக்கு இருக்கே. நீ தட்டினா நீதான் வர்றேன்னு தெரியுது" என்பீர்கள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்கள் கையைப் பிடித்தபோது அது சில்லென்றிருந்தது. சந்தில் அன்றைக்கு வந்த அதே பயம் மறுபடியும் வந்தது.

இப்போதும் லிஃப்டிலிருந்து இறங்கும் முன் கை தட்டுகிறேன். "ஆன்ட்டி, தட்டாமலே எரியும்" என்று எதிர்வீட்டுப் பெண் சொல்லிப் பார்த்துவிட்டாள். தெரியும். மூன்றாவது மாடிக்குப் பாம்பு ஏறி வராது என்பதும் தெரியும். ஆனால் சூடு இல்லாத எதையும் இந்த விளக்கு காட்டாது. அந்த இருட்டில் நீங்களே நின்றுகொண்டிருந்தாலும் எரியாது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் தட்டுகிறேன். உங்களுக்குக் காது இருக்கிறதே.