எந்தப் பக்கத்துல இருக்கற?

இன்று காலை மருமகள் தன் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டாள். அந்தப் புளித்த வாசனை கூடத்துக்கு வந்தபோது என் கையில் செய்தித்தாள். நீ எனக்குக் கொடுத்த நாவலைக் கல்லூரிப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லி மறுபடியும் யாரோ மனுக் கொடுத்திருக்கிறார்கள். நீ கண்ணை மூடி இத்தனை வருஷமாகியும் அதை விடமாட்டேன் என்கிறார்களே.

அது எழுபதுகளின் கடைசி. எடப்பாடியில் நம் தெரு நெடுகத் தறிக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, எல்லோரும் இரு பக்கமும் நின்று கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். நீ ராசிபுரத்துப் புருஷன் வீட்டைவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு எதிரே நின்றிருந்தாய். தெருப் பெரியவர் ஒரு தாளோடு வந்தார்.

"ஊட்டுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க சாமி. நூலகத்துல ஒரு கெட்ட புஸ்தகம் இருக்குதாம். புருசனை உட்டுப்போட்டுப் போறவ கதை."

கஞ்சி காய்வதற்குள் இழைகளைப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். நின்று யோசிக்க யாருக்கு நேரம்? ஈரக் கையோடே கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பாவுக்குத் திரும்பினேன். நீ போடவில்லை.

"ஏம்புள்ள, அதை நீ படிச்சியா?" என்றாய்.

"இல்ல. தெருவே போடுது, நான் மட்டும் எப்படிப் போடாம நிக்கறது?"

"படிச்சுப்போட்டுத் திட்டு, கேட்டுக்கறேன். படிக்காமத் திட்டுனா என்னையத் திட்டற மாதிரி இருக்குது."

நூலகத்திலிருந்து நாவல் போய்விட்டது. நீ சேலத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதியைத் தேடி வாங்கி, அட்டை போட்டு என்னிடம் கொடுத்தாய். நான் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். "எந்தப் பக்கத்துல இருக்கற?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாய். "பாதியாச்சு" என்று வாய் கூசாமல் புளுகுவேன். ஐந்தாறு வருஷம் அதே கேள்வி, அதே பதில். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தறிக்குப் போய்விடுவாய்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகுதான் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் ஐம்பது பக்கம் இழுவைதான், அதைச் சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்துக்கு ஒரு நியாயம் கிடைக்காதா என்று கெட்ட பக்கத்தைத் தேடிக்கொண்டே படித்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் உன் தறி நூல் ஒன்று கிடந்தது. கதையில் வரும் அந்தப் பெண் மத்தியானச் சோறு வரை ஆக்கி மூடி வைத்துவிட்டு வீட்டைவிட்டு இறங்குகிறாள். யாராவது கூப்பிட வருவார்களா என்று பார்த்துக்கொண்டே மூன்று பஸ்களை விட்டுவிடுகிறாள். யாரும் வரவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய்: 'எனக்கு நாலு பஸ்.'

ஓடிவந்தவள் என்றுதான் தெரு உன்னைச் சொன்னது. எப்படி வந்தாய் என்று நானும் ஒருநாள் கேட்டதில்லை. உன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தப் புத்தகம் சொல்லும் என்று நம்பி என்னிடம் கொடுத்திருக்கிறாய். நான் அதன்மேல் அரிசிப் பானையை வைத்திருந்தேன். அதைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. நம் தெருவில் இன்னும் யார் யார் எத்தனை பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்களோ.

அந்தத் தறி நூலை அந்தப் பக்கத்திலிருந்து நான் எடுக்கவில்லை. யாராவது நாவலைத் திட்டினால், "எந்தப் பக்கத்துல இருக்கறீங்க?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் "பாதியாச்சு" என்கிறார்கள், நான் சொன்ன அதே புளுகு. கோபம் வருவதில்லை, அழுகைதான் வருகிறது.

இன்னைக்கு மறுபடி நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்துட்டேன் புள்ள. எந்தப் பக்கம்னு ஒருமுறை கேளேன்.