பச்சை அரக்கனின் முதுகில் ஜிப்

ஞாயிறு இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள்.

அப்பா சின்ன வயதில் கோலார் தங்கவயலில் பார்த்துப் பயந்த விண்வெளித் தொடரின் முதல் சீசன் முழுவதும் டிவிடியாகக் கிடைத்தது. எங்களையும் பயமுறுத்திப் பார்க்க அவருக்கு ஆசை. ஆனால் அந்தக் காலத்து டிவியில் தெரியாததெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிந்தது. பச்சை அரக்கன் திரும்பியதும் அண்ணன் சிரித்துவிட்டான்.

"முதுகுல ஜிப்பு பாருப்பா! இதுக்கா நீ அழுத?"

"வாய மூடுடா."

"ஐயோ, ஜிப்பு மாமா வராரு!"

அப்பா டிவிடி பிளேயரை வயரோடு பிடுங்கி அண்ணன் தலையில் அடித்தார். அவன் விழுந்த பிறகும் அடித்தார். "சிரிடா, இப்ப சிரிடா" என்று கத்திக்கொண்டே அடித்தார்.

பிறகு ரத்தத்தைக் கழுவ பாத்ரூமுக்குப் போனார். நான் அண்ணனை இழுத்து வந்து என் பீரோவுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். அவன் ஆனேக்கல் அத்தை வீட்டுக்கு ஓடிவிட்டதாக அப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினார்.

அம்மாவுக்கு வைட்ஃபீல்டில் நைட் ஷிஃப்ட். போனை எடுக்கவில்லை. அண்ணன் தலையில் நான் கட்டிய துப்பட்டா முழுக்க ரத்தத்தில் நனைந்துவிட்டது. அண்ணன் பேச மாட்டேன் என்கிறான்.

பைக் சத்தம் கேட்கிறது. விளக்கை அணைக்க வேண்டும்.

கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா, கதவத் தொறம்மா. அவன் செருப்பு வாசல்லயே கெடக்குதே